கொக்கி வைத்த மோதிரம்

அவள் யாரிடமும் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லி நான் பார்த்ததில்லை. மூன்று வருடம் ஒரே பிரிவில், பத்தடி தூரத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறோம். ஒரு தடவையாவது அவள் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்திருக்கும்.

அருள்புரத்தில் எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங்குக்குத் தனி ஷெட். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி ரோலை மெஷினில் மாட்டுவோம். அடியில் லைட் எரியும், மேலே துணி ஓடும். ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை, நூல் இழுப்பு என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குற்றம் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பன்னிரண்டு வருடம் அதையே செய்தவளுக்கு மனிதர்களைப் பார்த்தாலும் கை தானாக ஸ்டிக்கரைத் தேடும். அவளிடம் மட்டும் ஒட்ட இடம் கிடைக்கவில்லை. என் வியாதி அங்கேதான் ஆரம்பித்தது.

ஒடிசாப் பெண் ஒருத்தி எங்களோடு வேலை செய்தாள். ஊருக்குப் போய் வந்தபோது கடுகெண்ணெயில் போட்ட ஊறுகாய் கொண்டுவந்து எல்லோருக்கும் நீட்டினாள். அந்த வாசனைக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எனக்கு வேண்டாம் சாமி" என்று டிபன் பாக்ஸை நகர்த்திக்கொண்டேன். மற்றவர்களும் ஏதேதோ சொல்லி நழுவினார்கள். இவள் மட்டும் கையை நீட்டி வாங்கி, சோற்றில் பிசைந்து சாப்பிட்டு, தலையை ஆட்டி, "நல்லாருக்கு" என்றாள். சாயங்காலம் அவள் பின்பக்கக் குழாயடியில் மூன்று தடவை வாய் கொப்பளித்ததை நான் பார்த்தேன். அடுத்த முறை அந்தப் பெண் ஊருக்குப் போய் வந்தபோது இவளுக்கென்று தனியாக ஒரு பாட்டில் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் எனக்கு யாரும் எங்கிருந்தும் ஒரு பாட்டிலும் கொண்டுவந்ததில்லை.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து அம்மாவோடு பிழைக்க வந்தவள். கிறிஸ்தவப் பெண். பல்லடம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். ஒல்லியான உடம்பு, அதைவிட ஒல்லியான விரல்கள். அந்த விரல்களைப் பற்றித்தான் கம்பெனியே பேசியது. நாங்களெல்லாம் கண்ணால் துணி பார்ப்போம். அவள் கையால் பார்ப்பாள். துணி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கையை அதன்மேல் மெதுவாக வைத்திருப்பாள். பக்கத்து மெஷின்காரியிடம் ஏதோ பேசிக்கொண்டே இருப்பாள். சட்டென்று மெஷின் நிற்கும். அவள் விரல் வைத்த இடத்தில் மயிரிழை மாதிரி ஓர் ஊசிக்கோடு இருக்கும். அதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி வேண்டும்.

எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் ஆபீஸிலிருந்து துணி பார்க்க வந்தவர் ஒருநாள் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார். நான்கு இடத்தில் நிறுத்தினாள். நான்கிலும் குற்றம் இருந்தது. அவர் கை தட்டினார், மேனேஜர் கை தட்டினார், நானும் தட்டினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நானும் கண்ணை மூடிக்கொண்டு வேட்டி, துண்டு, மகளுடைய யூனிபார்ம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி துணியாகத்தான் இருந்தது. "என்ன பண்ற நீ?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அழுக்கு போயிருக்கிறதா பார்க்கிறேன் என்றேன்.

எனக்குப் பொறாமை. இதைப் பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் வருவதற்கு முன்னால் ஷெட்டில் சந்தேகமான துணி வந்தால் மேனேஜர், "அக்காவக் கூப்புடுங்க" என்பார். அவள் வந்த ஒரு வருடத்தில் அது, "அந்தப் புள்ளயக் கூப்புடுங்க" என்று ஆகிவிட்டது. அதைவிடக் கஷ்டம், அவள் போய்ப் பார்த்துவிட்டு, "எதுக்கும் அக்காவும் ஒருக்கா பாத்திரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வருவாள். நான் போய் அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு வருவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவளும் துணி கொடுத்தாள். அவசரத்தில் கை வைத்துத் தைத்த இடம் இறுக்கிப் பிடித்துவிட்டது, எனக்கே தெரியும். போட்டுப் பார்த்துவிட்டு, "எம்புட்டு அளவா இருக்குக்கா" என்றாள். பண்டிகைக்கு அதையே போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். மாசி மாதத்தில் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது கொடியில் அந்த ஜாக்கெட் உள்பக்கம் வெளியே தெரியக் காய்ந்துகொண்டிருந்தது. நான் போட்ட தையல் ஒன்றுகூட அதில் இல்லை. இரண்டு கைகளையும் பிரித்து, துணி கொடுத்து, கையாலேயே திரும்பத் தைத்திருந்தாள். என் தையலைவிட அது நேராக இருந்தது.

"புடிக்கலீன்னா அன்னைக்கே சொல்றதுதான அம்மிணி? எதுக்கு இந்த நாடகம்?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். பதினைந்து நாள் அவளோடு பேசவில்லை. அந்தப் பதினைந்து நாளும் அவள் காலையில் வந்ததும் என் மெஷின் லைட்டைப் போட்டு, லைட் மேலிருக்கும் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் தன் மெஷினுக்குப் போனாள். என்னைப் பெற்ற தாயே அப்படிச் செய்யமாட்டாள், ஆனால் எனக்கென்னவோ அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகவே இருந்தது.

என் மகளுக்கு டைபாய்டு வந்து நான் ஒரு வாரம் லீவு போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் என் நம்பரில் அறுபது ரோல் பார்த்ததாக எழுதியிருந்தது. செக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு, பார்த்த ரோலில் அதை ஒட்ட வேண்டும். இவள் தன் ரோல்கள் பார்த்தது போக மிச்ச நேரத்தில் என்னுடையதையும் பார்த்து, என் நம்பரை ஒட்டியிருக்கிறாள். "உனக்கு யாரு இதச் செய்யச் சொன்னா?" என்றேன். "பாப்பா எப்படி இருக்குக்கா?" என்றாள். அன்றைக்குக் கொஞ்ச நேரம் எனக்கு அவள்மேல் உண்மையாகவே பாசம் வந்தது. அந்த அறுபது ரோலில் ஒரு கம்ப்ளெயின்டும் வரவில்லை என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டியதும் அது போய்விட்டது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் இன்சார்ஜ் சொந்தமாக யூனிட் போடப் போவதாகச் சொன்னார். பங்குனிக்குள் அவர் இடத்துக்கு ஆள் போட வேண்டும். ஷெட்டிலிருந்தே ஒருவரைப் போடுவதாகப் பேச்சு. இன்சார்ஜ் என்றால் கண்ணாடி ரூம், நாற்காலி, யாரும் நிற்கச் சொல்லாத வேலை. பன்னிரண்டு வருடம் நின்ற கால் என்னுடையது. என் அம்மாவிடம், மாமியாரிடம், தாராபுரத்தில் இருக்கும் நாத்தனாரிடம்கூட, எனக்குத்தான் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். ஒரு மதியம் மேனேஜர் இன்சார்ஜிடம், "அந்தப் புள்ளைக்குக் கை இருக்குதுங்க. வயசுதான் கம்மி. பாக்கலாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அதே வாரம் அவளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அவர்கள் ஊர்க்காரன், துபாயில் ஏசி மெக்கானிக். தவக்காலத்தில் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லையாம். அதனால் தை மாதமே நிச்சயம், ஈஸ்டர் முடிந்து கல்யாணம். மாப்பிள்ளை நிச்சயத்துக்கு முதல்நாள்தான் வருகிறான். மோதிரத்தைப் பெண்ணே தனக்குப் பிடித்ததாகப் பார்த்துக்கொள்ளட்டும், வைரமாக இருக்கட்டும் என்று மாமியார்க்காரி போனில் சொல்லிவிட்டாளாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நீங்க வந்து பாத்து எடுத்துத் தாங்க" என்றாள்.

"நானெங்க வைரத்தக் கண்டேன்?" என்றேன். எனக்கு நிச்சயம் ஆனபோது எங்கள் வழக்கப்படி உப்பு, சர்க்கரை மாற்றினார்கள். என் விரலில் யாரும் எதையும் போடவில்லை.

"துணியில நீங்க பாக்காததா? கல்லும் அப்படித்தான" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வேதப் புத்தகப் பையோடு வந்தாள். இருவரும் பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். வழியில்தான் அந்த விஷயத்தைச் சொன்னாள். "மோதிரம் போட்டுட்டா கல்யாணம் முடியுத வரக் கழட்டப்படாதுன்னு அவிய அம்ம சொல்லிருக்காவ. குளிக்கையிலயும் தூங்கையிலயும் கையிலதான் கிடக்கணுமாம். அவிய வீட்டுல ஒரு பிள்ளை கழட்டி வச்சி, என்னமோ ஆயிப்போச்சாம்."

"கம்பெனிலயுமா?"

"எங்கயும்தான்க்கா."

அந்த நிமிடம் வரை நான் வெறும் வயிற்றெரிச்சலோடுதான் போய்க்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கணக்குப் போட ஆரம்பித்தேன்.

நகைக்கடையில் எங்களை வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். என் வயதைப் பார்த்துச் சேல்ஸ்மேன் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னான். ஒற்றைக் கல் வேண்டாம், வரிசையாக ஏழு சின்னக் கல் வைத்த வளையம்தான் இப்போது எல்லோரும் எடுப்பது என்றான். அதிலேயே கல்லைப் பதிப்பதில் இரண்டு தினுசு காட்டினான். ஒன்றில் ஒவ்வொரு கல்லையும் நான்கு சின்னக் கொக்கிகள் தூக்கிப் பிடித்திருந்தன. வெளிச்சம் நாலாபக்கமும் போவதால் கல் பெரிதாகத் தெரிந்தது. இன்னொன்றில் இரண்டு தங்கச் சுவருக்கு நடுவில் கற்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேலே ஒன்றும் துருத்தவில்லை. மின்னுவதும் ஒரு மாற்றுக் குறைவுதான்.

அவள் இரண்டாவதைத்தான் எடுத்தாள். விரலில் போட்டுக்கொண்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மோதிரத்தின்மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் கொக்கி வைத்ததை எடுத்துக் கையில் உருட்டினேன். கீழே வைக்கும்போது ஒரு கொக்கி என் சேலை முந்தானையில் மாட்டியது. பட்டுக்கரையில் அரை விரற்கடை நூல் வெளியே வந்தது. யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டு, முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அது என்ன, சும்மா கம்பி வளையமாட்ட இருக்குது" என்றேன். "அத்தன காசு குடுத்து வாங்கறது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? இதப் பாரு, எப்புடித் தூக்கி நிக்குது."

"நல்லாத்தான் இருக்கு. துணியில மாட்டுமோன்னுதான்..."

சேல்ஸ்மேன் பாவம், நல்லவன். "பனியன் கம்பெனிங்களா மேடம்? அப்படின்னா சுவர் வெச்சதே எடுத்துக்கங்க. பனியன் கம்பெனிக்காரங்க கொக்கி வெச்சத வாங்கிட்டுப் போயி, துணிய இழுக்குதுன்னு பத்து நாள்ல திரும்பி வருவாங்க" என்றான்.

"பன்னெண்டு வருசமா துணி பாக்கறேனுங்க. எனக்குத் தெரியாதா? இத்தினியூண்டு கொக்கி என்ன பண்ணும்?" என்றேன். அவன் கொக்கி வைத்ததை அவள் பக்கம் நகர்த்தினான். நான் அவளைப் பார்த்து, "அப்பறம் உன்ர இஷ்டம் கண்ணு. நான் சொல்றதச் சொல்லிப்புட்டேன்" என்றேன். என்னை அவள் மறுக்கமாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"நீங்க சொன்னா சரிதான்க்கா" என்றாள். கையிலிருந்ததைக் கழற்றி வெல்வெட் தட்டில் வைத்தாள். அவள் விரல் அளவுக்குக் கடையில் தயாராக இல்லை. ஆர்டர் எழுதிக்கொண்டு பத்து நாளில் தருவதாகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு டிக்கெட் அவள்தான் எடுத்தாள். "நீங்க வராட்டி நான் முழிச்சிட்டு நின்னிருப்பேன்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நிச்சயம் சபையை ஒட்டிய ஹாலில் நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கருப்பாக, லட்சணமாக, சிரித்த முகமாக இருந்தான். பாதிரியார் ஜெபித்துக் கொடுத்த மோதிரத்தை அவன் போட்டபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்தே மினுங்கியது. நான் குனிந்து பாயசக் கப்பைப் பார்த்துக்கொண்டேன். மேடைக்குப் போய் போட்டோவுக்கு நின்றபோதும் அவள் கை பூச்செண்டுக்குள் இருந்தது, நானும் தேடவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தபோது மோதிர விரலில் வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றியிருந்தாள். மருந்துக்கடையில் விற்கும் துணிப் பிளாஸ்டர்.

"என்னடி, வைரத்துக்குக் காயமா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

"துணியில படாம இருக்கட்டுமேன்னுதான்" என்று சிரித்துவிட்டு மெஷினைப் போட்டாள். என்னைப் பார்த்து மட்டும், "நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னாவக்கா. அக்கா எடுத்துக் குடுத்ததுன்னு சொன்னேன்" என்றாள்.

பிளாஸ்டரோடு கை தடுமாறும் என்று நினைத்தேன். இரண்டு நாள்கூடத் தடுமாறவில்லை. அந்த விரலைச் சற்றே தூக்கிக்கொண்டு மற்ற விரல்களால் பார்த்தாள். முன்புபோலவே பேசிக்கொண்டிருப்பாள், முன்புபோலவே மெஷின் நிற்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் கருநீல விஸ்கோஸ் வந்தது. வழவழப்பான மெல்லிய துணி, நகம் பட்டாலே இழுக்கும். அவள் பார்த்து முடித்த ரோல்களைக் கட்டிங்கில் விரித்தபோது நீளமாக நூல் இழுப்பு இருந்தது. ஒரு ரோலில் அல்ல, நான்கு ரோலில். கட்டிங் மாஸ்டர் துண்டு வெட்டி என்னிடம்தான் அனுப்பினான். நான் அதை அவளிடம் காட்டவில்லை. நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"கல்லு மோதிரம் போட்டுட்டுத் துணி பாக்குதுங்க சார், அந்தப் புள்ள" என்றேன். "பிளாஸ்டர் சுத்தியிருக்குது, ஆனாலும் கொக்கி அதக் கிழிச்சுட்டு வெளிய வந்துருமுங்க. நானே ரெண்டு மூணு தடவ பாத்தேன். சின்னப் புள்ள, சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேனுங்க."

அப்படி ஒரு தடவையும் நான் பார்த்ததில்லை.

அவளைக் கூப்பிட்டார்கள். நானும் அங்கேயே நின்றேன். மேனேஜர் துண்டுத் துணியை மேஜைமேல் போட்டு, "ஏம்மா, அந்த மோதிரத்தக் கழட்டி வெச்சுட்டு வேல பாக்க முடியாதா?" என்றார்.

"கழட்டப்படாதுன்னு சொல்லிருக்காவ சார். ஆனா இது மோதிரத்தால..." என்று ஆரம்பித்தவள், அந்த விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு, "சரி சார்" என்றாள்.

கல்யாணம் முடியும்வரை பேக்கிங்கில் இருக்கட்டும் என்றார் மேனேஜர். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட எந்தக் கையானாலும் போதும். பங்குனியில் இன்சார்ஜ் வேலை எனக்கு வந்தது. சாக்லெட் வாங்கிக்கொண்டு எல்லாப் பிரிவுக்கும் போனேன். பேக்கிங்கில் அவள் எழுந்து ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அவள் அம்மா ஊரிலிருந்து வரவழைத்த கருப்பட்டி மிட்டாய் ஒரு ஓலைப்பெட்டி நிறைய என் மேஜைமேல் இருந்தது.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே அவளுடைய பழைய மெஷினில் திரும்பவும் நூல் இழுப்பு வந்தது. இப்போது அதில் நின்றது மோதிரமே இல்லாத பெண். ஃபிட்டரைக் கூப்பிட்டேன். அவன் ஒரு பஞ்சை எடுத்து ரோலர்மேல் ஓட்டினான். ஓர் இடத்தில் பஞ்சு சிக்கி நின்றது. "இரும்புல பிசிறுங்க்கா. இது ரொம்ப நாளாவே இருந்திருக்கோணும்" என்றான். "தேச்சு உட்டுட்டுப் போ" என்றேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். அதற்கப்புறம் அந்த மெஷினில் குற்றம் வரவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மெஷினிலும் பிசிறு இருந்தது, மோதிரத்திலும் கொக்கி இருந்தது, இரண்டில் எது இழுத்ததென்று யார் கண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கொக்கி என் முந்தானையை இழுத்ததை நான் கண்ணால் பார்த்தவள். துணியை மட்டும் விட்டிருக்குமா? இந்த ஒரு நினைப்பில் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவனோடு துபாய் போகிறாள். மதியம் எல்லோரிடமும் பத்திரிகை கொடுத்துச் சொல்லிக்கொண்டு, கடைசியாகக் கேன்டீன் பக்கத்துக் குழாயடிக்கு என்னைத் தேடி வந்தாள். நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் 'குடும்பத்தார்' என்று அழகாக எழுதியிருந்தாள்.

"கண்டிப்பா வரணும்க்கா. பாப்பாவக் கூட்டிட்டு வாங்க, கடல் பாக்கும்லா" என்றாள். பேசிக்கொண்டே நகத்தால் விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டர் ஓரம் கருத்து, அட்டைப்பெட்டிப் பசை ஏறி விரலோடு ஒட்டிப்போயிருந்தது. அவள் உரிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"கைய இக்கட்ட நீட்டு" என்று நானே அவள் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்க்கா" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் கவனிப்பதற்குள் ஓரத்தைப் பிரித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். கொக்கியில் மாட்டும் என்று நினைத்துத்தான் வேகமாக இழுத்தேன். பிளாஸ்டர் எங்கும் மாட்டாமல் முழுசாக என் கையோடு வந்துவிட்டது.

கீழே இரண்டு தங்கச் சுவர். நடுவில் ஏழு கல், வரிசையாக, ஒன்றுகூடத் தலைதூக்காமல். நான் கட்டைவிரலால் தடவினேன். ஒரு சுற்றுச் சுற்றித் தடவினேன். எதுவும் தட்டுப்படவில்லை. திரும்பவும் சுற்றினேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். திருடும்போது பிடிபட்டவள்போல அவள் முகம் சிவந்துவிட்டது.

"கோவிச்சுக்காதியக்கா" என்றாள். "கடைக்கு மறுநாளே போன் போட்டு மாத்தச் சொல்லிட்டேன். நீங்க ஆசையா எடுத்துக் குடுத்தத வேண்டாம்னு சொல்ல மனசு வரல. மாத்தினது தெரிஞ்சா உங்க முகம் வாடிரும்லா. அதான் சுத்தி வச்சேன்."

"அன்னைக்கு... மேனேஜர் ரூம்ல... அவருகிட்டப் பிரிச்சுக் காட்டியிருக்கலாமில்ல?" என்றேன்.

"காட்டிருக்கலாம். நீங்க பக்கத்துல நின்னியளே" என்றாள்.

தெரிந்து சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் பழகிய கண்ணால் தேடினேன். அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால், இரண்டு வார்த்தை திட்டியிருந்தால், எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த நிமிடத்திலும் எனக்கு அவளைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருந்தது.

இருபது தப்படியில் மேனேஜர் ரூம். கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். போய் ஒரு நிமிடம் பேசினால் போதும். அவள் ஊருக்குப் போவதற்குள் துணியைக் கெடுத்தவள் என்ற பெயராவது அவள்மேலிருந்து இறங்கும்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்கக்கா. இல்லன்னா எனக்கு ஊருக்குப் போனாலும் இதே நினைப்பா இருக்கும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான் அந்தப் பிளாஸ்டரைச் சுருட்டிக் குழாயடி சாக்கடையில் போட்டேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"அட, அதுக்கென்ன கண்ணு, உடு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்று சொல்லி, அவளை மன்னித்தேன்.